வீட்டு ஷெட்டில் ஸ்கூட்டர் பராமரிப்பு: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

திருச்சியில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. அங்கேதான் பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஸ்கூட்டர்களைப் பராமரித்து வருகிறேன். தெருவில் உள்ள பிள்ளைகளும் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் கெடுத்தவர்கள் குறைவு. வரிசை மாறிப்போய்ச் சிக்கிக்கொண்டவர்களே அதிகம். ஒருவர் பழைய ஆயிலை வடித்து முடித்த பிறகு புது ஆயில் வாங்கக் கிளம்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, உதிரிபாகக் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அடுத்த நாள் வேலைக்குப் பஸ்ஸில் போனார்.

அதனால் இந்த வழிகாட்டி வேலைகளின் வரிசையிலேயே செல்கிறது. ஹோண்டா ஆக்டிவா, டிவிஎஸ் ஜூபிடர் போன்ற, காற்றில் குளிரும் 110 சிசி கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மின்சார ஸ்கூட்டருக்கு இது பொருந்தாது. டிரைவ் பெல்ட், கிளட்ச், வால்வு இடைவெளி, டிஸ்க் பிரேக் ஆயில் ஆகியவற்றைத் தொடக்கத்தில் மெக்கானிக்கிடமே விடுங்கள். அவற்றுக்குத் தனிக் கருவியும் பழக்கமும் வேண்டும். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால், குறித்த சர்வீஸ்களை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் செய்துவிட்டு, இடையில் உள்ள வேலைகளை மட்டும் வீட்டில் பாருங்கள்.

1. முதல் நாளே முடிக்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இஞ்சின் ஆயிலின் வகையும் அளவும், கியர் ஆயிலின் (பின்சக்கரத்தை ஒட்டிய பல்சக்கரப் பெட்டிக்கான ஆயில்) வகையும் அளவும், டயர் காற்றழுத்தம். கையேடு தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் கிடைக்கும். மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் பார்த்து எடுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, ஒரே பெயரில் விற்ற வண்டிகளிலும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய், அதை மின்னணு முறையில் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பழைய கையேட்டின் அளவுகள் புது வண்டிக்குச் சரியாக வரும் என்று நம்ப முடியாது.

இஞ்சின் ஆயில், கியர் ஆயில், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் வடிகால் போல்ட்டுகளுக்கான புது வாஷர்கள், மாற்ற வேண்டிய தருணம் வந்திருந்தால் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

வண்டியையும் முதல் நாள் மாலையே கழுவிவிடுங்கள். வடிகால் போல்ட்டைச் சுற்றி மண் அப்பியிருந்தால், திறக்கும்போது அது உள்ளே போகும். காலையில் கழுவினால் ஈரத்தில் கை வழுக்கும், ஆயில் கசிவு எது, தண்ணீர் எது என்று தெரியாது. கழுவும்போது சைலென்சர் வாய், பிளக் மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி ஆகியவற்றின் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டிய கருவிகள்

8, 10, 12, 14, 17 அளவுகளில் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், நல்ல முனையுள்ள ஸ்டார் ஸ்குரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், புனல், அளவுக் குவளை, மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சு, அதில் பொருந்தும் ஒரு சாண் ரப்பர் குழாய், ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் அகலமான பழைய பாத்திரம், பழந்துணி, கையுறை. இவ்வளவு போதும்.

வாய் திறந்த ஸ்பேனரை வடிகால் போல்ட்டில் வைக்காதீர்கள். அது போல்ட் தலையின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். நழுவினால் முனை மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனர் தலையைச் சுற்றிலும் பிடிக்கும். ஸ்குரூ டிரைவரிலும் மலிவு பார்க்க வேண்டாம். தேய்ந்த முனை திருகின் தலையைக் கடைந்துவிட்டால், ஐந்து நிமிட வேலை அரை நாளை விழுங்கும்.

3. இடமும் நிறுத்தும் முறையும்

தரை சமமாக இருக்க வேண்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் ஆயில் முழுவதும் வடியாது, அளவும் பொய் சொல்லும்.

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்சக்கரம் தரையைத் தொடாது. இஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் அது வேகமாகச் சுழலும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் முதலில் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். தொங்கும் துண்டு, துப்பட்டா எதுவும் சக்கரத்தருகே வரக் கூடாது.

ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் சில நிமிடங்கள் ஓடினாலே ஆபத்து. இஞ்சினை ஓடவிடும் நேரத்தில் வண்டியை வாசலுக்குத் தள்ளிவிடுவதே என் வழக்கம்.

இனி வேலை. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டியவை முதலில், சூடான பிறகு செய்ய வேண்டியவை பின்னால். ஆயில் மாற்றுவதில் தொடங்கினால், பிளக்குக்கு மறுபடி இஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

4. டயர்

காற்றழுத்தத்தை வண்டி ஓடாதபோது பார்க்க வேண்டும். ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் கூடிக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடுவார்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் முன்னே 22 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு), பின்னே தனியாகப் போனால் 29, இருவர் போனால் 36 என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியதை ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள்.

டயர் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நம் வெயிலில் கிடந்த டயர் பள்ளம் மிச்சமிருந்தாலும் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விடும். அப்படிப்பட்ட டயரை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

5. ஸ்பார்க் பிளக்

சிலிண்டர் தலை அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் அலுமினிய மரை (திருகு ஏறும் புரி) பெயர்ந்து வரும். அதனால்தான் இது காலை வேலை.

பிளக் மூடியை அதன் ரப்பர் தலையைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் துடைத்துவிடுங்கள். பிளக் வெளியே வந்ததும் அந்தத் துளை நேராகச் சிலிண்டருக்குத்தான் போகிறது. ஒரு மணல் துகளும் உள்ளே விழக் கூடாது.

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெரும்பாலும் அடைபட்ட ஏர் ஃபில்டர் காரணம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வெள்ளை வெளேர் என்று இருந்தால் இஞ்சின் மிகுதியாகச் சூடாகிறது. பிளக் முனையில் தீப்பொறி பாயும் இடைவெளி பல வண்டிகளில் 0.8 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும்.

மாட்டும்போது ஸ்பேனரின் கைப்பிடியைப் போடாமல், விரலால் மட்டும் கடைசி வரை திருகுங்கள். தொடக்கத்திலேயே இறுக்கமாக வந்தால் மரை குறுக்காக ஏறுகிறது என்று பொருள்; கழற்றி மறுபடி வையுங்கள். விரலால் அடி தொட்ட பிறகு, புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையதையே மாட்டுகிறீர்கள் என்றால் அரைக்கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

6. ஏர் ஃபில்டர்

முதலில் உங்கள் ஃபில்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சு வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, கையேடு சொல்லும் எண்ணெயைத் தடவிப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய் தோய்த்த காகித வகை என்றால் கழுவவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. தூசியைப் பிடித்து வைப்பதே அந்த எண்ணெய்ப் பசைதான். பார்வைக்குப் பிசுபிசுப்பாக இருப்பதால், அழுக்கு என்று நினைத்துப் பெட்ரோலில் கழுவிவிடுகிறார்கள். அதன் பிறகு தூசி நேராக இஞ்சினுக்குள் போகும். கையேடு சொல்லும் கிலோமீட்டர் வந்ததும் மாற்றுங்கள். மண் சாலையில் தினமும் போகிறவர்கள் சற்று முன்னதாகவே மாற்றுங்கள்.

7. பேட்டரி

கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், பிறகு மைனஸ். வண்டியின் இரும்புச் சட்டம் மைனஸோடு இணைந்தது. மைனஸைக் கழற்றாமல் பிளஸில் ஸ்பேனர் வைத்து, அது சட்டத்தில் உரசினால் தீப்பொறி பறக்கும்.

முனைகளில் வெள்ளை, பச்சைப் பூத்தூள் இருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, மாட்டிய பின் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் உதைத்தும் பயன் இருக்காது.

8. பிரேக்

பின்பிரேக் கேபிள் முடியும் இடத்தில், சக்கரத்துக்கு அருகே, ஒரு நட் இருக்கும். லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நட்டை உள்நோக்கித் திருகுங்கள். நட்டின் உள்முகத்தில் ஒரு வளைந்த பள்ளம் இருக்கும். அது எதிரே உள்ள முளையில் சரியாக உட்கார வேண்டும். பாதியில் நிறுத்தினால் நாலு முறை பிரேக் பிடித்ததும் தானே உட்கார்ந்து, நீங்கள் வைத்த அளவு மாறிவிடும்.

பிரேக் 'கிண்'ணென்று இருக்க வேண்டும் என்று அசைவே இல்லாமல் இறுக்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். அப்போது பிரேக் ஷூ (டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் பட்டை) எப்போதும் சக்கரத்தின் டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். டிரம் சூடாகும், ஷூ தேயும், மைலேஜ் விழும். நட்டைத் திருகிய பிறகு பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் அரைச் சுற்று தளர்த்துங்கள்.

பக்கத்தில் உள்ள ஒருவரை லீவரை முழுவதும் அழுத்தச் சொல்லி, டிரம்மின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அது எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் நட்டை இறுக்கிச் சமாளிக்கக் கூடாது, ஷூவை மாற்ற வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊத வேண்டாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

2019 ஏப்ரல் முதல் வந்த 125 சிசிக்குக் கீழ்ப்பட்ட புது வண்டிகளில் இடது லீவர் முன், பின் இரண்டு பிரேக்கையும் இழுக்கும். இரண்டையும் இணைக்கும் கேபிளின் நட்டைத் தொடாதீர்கள். அதன் சமநிலை கெட்டால் மழையில் முன்சக்கரம் வழுக்கும்.

9. இஞ்சின் ஆயில்

இப்போது வண்டியை வாசலில் நிறுத்தி மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு வடியும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

வடிகால் போல்ட்டைத் தொடும் முன், ஆயில் ஊற்றும் வாயில் உள்ள டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் குச்சியோடு கூடிய மூடி) திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால் வடித்த பிறகு எப்படி ஊற்றுவீர்கள்? திறந்திருந்தால் காற்று உள்ளே போய் ஆயிலும் தடையின்றி இறங்கும்.

பாத்திரத்தை அடியில் வைத்து, ரிங் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்துங்கள். கடைசி இரண்டு மூன்று சுற்றைக் கையால், போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகி, சட்டென்று விலக்குங்கள். அப்படிச் செய்தால் ஆயில் கையில் வழியாது, போல்ட்டும் பாத்திரத்தில் விழாது. பத்து நிமிடம் வடியட்டும்.

அந்த நேரத்தில் வடிந்த ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வெயிலில் பாத்திரத்தைச் சாய்த்தால் ஜரிகைத் தூள்போல மின்னுவது நிறையத் தெரிந்தால், உள்ளே ஏதோ தேய்கிறது. இரண்டும் மெக்கானிக் பார்க்க வேண்டியவை.

எங்கள் தெருக் கல்லூரி மாணவன் ஒருவன் போன வருடம் வடிகால் போல்ட்டை இறுக்க, ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இழுத்துவிட்டான். அடுத்த முறை கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். போல்ட்டோடு சேர்ந்து, வெள்ளிக் கம்பிச் சுருள்போல, இஞ்சினின் அலுமினிய மரை முழுவதும் வெளியே வந்தது. "ஒழுகக் கூடாது என்றுதான் அண்ணா இழுத்தேன்" என்றான். முகம் வாடிப்போயிருந்தது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புது மரைச் சுருள் பதித்த பிறகுதான் வண்டி ஓடியது.

ஒழுகாமல் காப்பது வாஷரின் வேலை. அந்த மெல்லிய அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மறுமுறை அதே அளவு நசுங்காது. பழைய வாஷரைப் போட்டுவிட்டு, கசிவதைப் பார்த்து மேலும் மேலும் இறுக்குவதில்தான் மரை போகிறது. சில ரூபாய் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். போல்ட்டை விரலால் நாலைந்து சுற்று ஏற்றி, ஸ்பேனரால் அது உட்காரும் வரை திருகி, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் ஒரு அழுத்தம் கொடுத்து நிறுத்துங்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள்.

ஆயில் வாங்கும்போது பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு 10டபிள்யூ-30 என்ற தடிமன் கொண்டது, அதிலும் பாட்டிலில் 'எம்பி' (MB) என்று குறித்தது பொருந்தும். பைக்குகளில் கிளட்ச் ஆயிலில் நனைந்தே இயங்கும். அது வழுக்காமல் இருக்க 'எம்ஏ' (MA) வகை வேண்டும். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே உலர்ந்து இருப்பதால், உராய்வைக் குறைக்கும் 'எம்பி' வகையைப் போடலாம்.

கையேட்டில் இரண்டு அளவுகள் இருக்கும். ஆயில் மாற்றும்போது ஒன்று, இஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது ஒன்று. நமக்கு வேண்டியது குறைவானது. இந்த வண்டிகளில் அது பெரும்பாலும் 650 முதல் 800 மி.லி. வரை இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்து முழுவதும் ஊற்றாதீர்கள். அளவுக் குவளையில் எடுத்து, கொஞ்சம் குறைத்தே ஊற்றி, டிப்ஸ்டிக்கை மூடி மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னும் மூன்று நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடினால் ஆயில் நுரைக்கும், இஞ்சினின் காற்று வெளியேறும் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் போய்விடும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? கையேட்டின் கணக்குதான் அடிப்படை. ஆனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். கிலோமீட்டர் வராவிட்டாலும் மாதக் கணக்கைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

10. கியர் ஆயில்

'கியர் இல்லாத வண்டி' என்று சொல்கிறோமே தவிர, பின்சக்கர அச்சை ஒட்டி ஒரு சிறிய பல்சக்கரப் பெட்டி உண்டு. அதற்குத் தனி ஆயில், தனி வடிகால் போல்ட். வீட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள், அல்லது இஞ்சின் வடிகால் என்று நினைத்து இதைத் திறந்துவிடுகிறார்கள்.

பின்னது பெரிய தவறு. கியர் பெட்டி வறண்டுவிடும்; ஏற்கெனவே நிறைந்திருக்கும் இஞ்சினில் இன்னொரு 700 மி.லி. சேரும். வடியும் அளவைக் கவனித்தால் பிடித்துவிடலாம். ஒரு டீ கிளாஸ் அளவோடு நின்றுவிட்டால், நீங்கள் திறந்தது கியர் பெட்டி.

இங்கேயும் மேலே உள்ள, ஆயில் மட்டம் பார்க்கும் போல்ட்டை முதலில் திறந்து, பிறகு கீழே உள்ளதை. வடிந்ததும் புது வாஷரோடு கீழ் போல்ட்டை மாட்டுங்கள். இது சிறிய போல்ட், சிறிய மரை. இன்னும் மென்மையாக இறுக்க வேண்டும். சிரிஞ்சில் ரப்பர் குழாயை மாட்டி மேல் துளை வழியே செலுத்துங்கள். வழக்கமாக 110 முதல் 120 மி.லி. வரை பிடிக்கும்.

இதை இஞ்சின் ஆயில் அளவுக்கு அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் சக்கரம் முழுகத் தேங்கிய தண்ணீரில் ஓட்டியிருந்தால், கிலோமீட்டரைப் பார்க்காமல் திறந்து பாருங்கள். பால் நிறம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளில் அது அபாயகரமான கழிவு. காலி பாட்டிலிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

11. எண்ணெய் விடும் இடங்கள்

லீவர்களின் அச்சு, சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு ஆகியவற்றின் மூட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ். சாவித் துளைக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய். பிரேக் டிரம், டிஸ்க், டயர் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. பட்டுவிட்டால் துடைத்து முடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

12. ஓட்டிப் பார்ப்பது

வண்டியில் ஏறும் முன், ஹாண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பி, ஆக்ஸிலரேட்டரைத் திருகி விடுங்கள். இரண்டு நிலையிலும் தானாகத் திரும்ப வேண்டும். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகுதான் இஞ்சின். தெருமுனை வரை மெதுவாகப் போய்த் திரும்பி வந்து, இரண்டு வடிகால் போல்ட்டுகளையும் பழந்துணியால் தொட்டுப் பாருங்கள்.

தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றியவை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டுக் கறை இருந்தாலும், அதற்கு நேர் மேலே இருக்கும் போல்ட்டையும் வாஷரையும் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.